ஒரே பெட்டிக்கு இரண்டு காப்புரிமை

சென்ற மாதம் மோகனூரில் நடந்த காதுகுத்து விருந்தில் யாரோ உங்கள் இருவரையும் பந்தியில் வைத்து, "உங்கொப்பன் உங்க மாமனோட பேட்டன்ட்ட அமுக்கிக்கிட்டாராமா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பெரியவள் என்னிடம் நேராகக் கேட்டாள். சின்னவன் கேட்கவில்லை, முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் ஷெட்டிலிருந்து போன் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். தினமும் பார்க்கிறீர்கள், ஆனால் அது எதற்கு என்று நீங்கள் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

திருச்செங்கோட்டில் நம் ஷெட் போர்வெல் போடுகிற ரிக் லாரிகளுக்கு வயரிங் செய்யும் ஷெட்டாகத்தான் தொடங்கியது. பிறகு நாமக்கல் பக்கம் முட்டை ஏற்றுகிறவர்கள் பேட்டரியில் ஓடும் லோடு ஆட்டோக்களை வாங்க ஆரம்பித்தார்கள். அவற்றைச் சீக்கிரம் சார்ஜ் ஏற்ற ஒரு சார்ஜரும் உண்டு. ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் ஓடிவிட்டு வந்து நிற்கிற வண்டியில் பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும். பேட்டரிக்குள் காவலுக்கு ஒரு சின்ன போர்டு இருக்கிறது. சூடு அதிகமாக இருந்தால் அது மின்சாரத்தை உள்ளே விடாது, விட்டாலும் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். ஒரு டிரைவர் என்னிடம் வந்து, "ஏனுங், பேருதான் ஃபாஸ்ட் சார்ஜு. இது ஏறி முடியறதுக்குள்ள முட்டை பொரிச்சுக் குஞ்சு வந்துருமாட்ட இருக்குதுங்க" என்றார்.

உங்கள் மாமா அப்போது கோழிப் பண்ணைகளுக்கு வயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். பெரிய பண்ணைகளில் கொட்டகையின் ஒரு பக்கம் முழுக்க அட்டை மாதிரி ஒன்றை நிறுத்தி, அதன்மேல் தண்ணீரை ஓட விடுவார்கள். எதிர்ப்பக்கம் இருக்கிற ஃபேன் காற்றை இழுக்கும். ஈர அட்டை வழியாக வருகிற காற்று குளிர்ந்து உள்ளே போகும். அதற்குக் கூலிங் பேடு என்று பெயர். ஒருநாள் மாமா அதில் ஒரு துண்டை டி.வி.எஸ். எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டார்.

"கோழிக்கே குளுகுளுன்னு காத்து உடறோம். உங்க பேட்டரி என்ன பாவம் பண்ணுச்சுங் மாப்ள?"

அப்படித்தான் பெட்டி பிறந்தது. முதலில் ஈரக் காற்றால் பேட்டரியைக் குளிர வைப்பது அவர் யோசனை. குளிர்ந்த பிறகு மின்சாரத்தை ஒரேயடியாகத் தள்ளாமல், கொஞ்ச நேரம் பலமாகத் தள்ளி, நிறுத்தி, சூடு எவ்வளவு ஏறியது என்று பார்த்து, மறுபடி தள்ளுவது என் யோசனை. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி. தனித்தனியாக இரண்டாலும் பெரிய பயன் இல்லை.

காப்புரிமைக்குப் போடலாம் என்று சொன்னது ஒரு பேட்டரிக் கடைக்காரர். கோயம்புத்தூரில் அதற்கென்று இருக்கிற ஏஜென்ட் ஒருவரிடம் போனோம். விண்ணப்பத்தில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, கண்டுபிடித்தவர்கள் யார். அதில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினார். இன்னொன்று, உரிமை யாருக்கு. அதை அவர் கேட்டதும் மாமா முந்திக்கொண்டார்.

"மாப்ள பேரைப் போடுங்க. அவிய இருக்கறப்ப நம்ம பேரு முன்னாடி வரலாமுங்களா?"

"ரெண்டு பேரையும் போட்டுக்கலாமுங்க மச்சான்" என்றேன்.

"அட, எழுதச் சொல்லுங்க மாப்ள. காப்பி ஆறுது."

மாமா தன் உரிமையை எனக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு தாள் அடித்துக் கொடுத்தார்கள். காப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டே அதில் கையெழுத்துப் போட்டார். தங்கையைக் கட்டியவருக்குச் செய்கிற மரியாதை என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் யாரும் எதையும் பிடுங்கவில்லை. பந்தியில் கேட்டவருக்கு நீங்கள் இதைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

பிறகு மாமா மோகனூரில் தன் காட்டு ஓரமாகத் தனி ஷெட் போட நினைத்தார். கரும்பு வெட்டிய நிலம் சும்மா கிடந்தது, பண்ணைகளும் அந்தப் பக்கம்தான் அதிகம். கூரை போட்டாகிவிட்டது. கரண்ட்டு மட்டும் இழுக்கவில்லை. அந்தச் சமயம் முட்டை வண்டி நிறைய வைத்திருக்கிற ஒருவர், பெட்டி வாங்க வந்த இடத்தில், "பேட்டன்ட் உங்க பேருலயாங்க இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். மாமா இல்லை என்றார். "அப்பொ நாளைக்கு உங்க மாப்ள நிறுத்தச் சொன்னா நிறுத்தோணும்?" என்றாராம் அவர். சிரித்துக்கொண்டே கேட்டதுதான். ஆனால் மாமா அன்றைக்கு வேலை பார்க்கவில்லை.

மறுநாள் என்னிடம் வந்தார். "நானும் என்ற பேருல ஒண்ணு போட்டுக்கட்டுங்களா மாப்ள?"

"தாராளமாப் போடுங்க மச்சான்" என்றேன்.

எங்கள் இருவருக்கும் அது தப்பு என்று தோன்றவே இல்லை. காரணம் சொல்கிறேன். நம் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது காட்டைப் பிரிப்பார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது. அண்ணன் பத்திரத்திலும் அதே கிணறு வரும், தம்பி பத்திரத்திலும் அதே கிணறு வரும். இரண்டு பத்திரமும் செல்லும். ஒரே பெட்டிக்கு எனக்கு ஒரு தாள், மாமாவுக்கு ஒரு தாள் என்பதும் அந்த மாதிரிதான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மாமா சேலத்தில் வேறொரு ஏஜென்ட்டைப் பிடித்தார். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், இன்ஜினியரிங் படித்துவிட்டுக் காப்புரிமை ஏஜென்ட்டுக்கான பரீட்சை எழுதி வந்தவர். இந்தப் பெட்டியைப் பற்றி எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றார் மாமா. அது உண்மைதான். என் விண்ணப்பம் அப்போது அலுவலகத்தில் மூடிய நிலையில் இருந்தது. போட்டவுடனே அதை ஊருக்குக் காட்டமாட்டார்கள், பல மாதம் கழித்துத்தான் வெளியிடுவார்கள். அதனால் அவர் தேடிப் பார்த்தபோதும் அது கண்ணில் படவில்லை. மாப்பிள்ளை ஏற்கெனவே ஒன்று போட்டிருக்கிறார் என்று மாமா சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அது இதற்குத் தொடர்பான விஷயம் என்றே அவருக்குத் தெரியாது.

எனக்குக் காப்புரிமை கிடைத்தது. மாமாவுக்குப் பரிசோதனை அறிக்கை வந்தது. விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கிற அதிகாரி, இதில் என்ன குறை என்று எழுதி அனுப்புவதுதான் அது. ஏஜென்ட் எங்கள் இருவரையும் சேலத்துக்கு வரச் சொன்னார். உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஐயா, இதுல ஒரு முந்தின விண்ணப்பத்தக் காட்டியிருக்காங்க. அது யாரோடது?"

"நம்ம மாப்ளயோடதுங்க அம்மிணி. இந்தா உக்காந்திருக்காரே."

"அதுல இருக்கறதும் இதுல இருக்கறதும் ஒண்ணா?"

"ஒரே பெட்டிதாங்களே! பின்ன வேறயாவா இருக்கும்?"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார். அதிகாரி எழுதியிருந்ததைப் பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண்டுபிடித்தவர்கள் அதே இரண்டு பேர். கேட்கிற உரிமையும் அதே உரிமை. வார்த்தைதான் மாறியிருக்கிறது. ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு காப்புரிமைதான் கொடுக்க முடியும், ஆகையால் இதை மறுக்க வேண்டியிருக்கிறது, பதில் இருந்தால் கெடுவுக்குள் சொல்லுங்கள்.

மாமா விடவில்லை. கிணற்றுக் கதையைச் சொன்னார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார், ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

"உங்க பத்திரத்துல கிணறுன்னு மட்டுமா இருக்கும்? கிணத்துல பாதின்னு இருக்கும் இல்லையா?"

"ஆமாங்க, சரிபாதி."

"இங்க அவரு முழுக் கிணறும் என்னோடதுன்னு எழுதியிருக்காரு. நீங்களும் முழுக் கிணறும் என்னோடதுன்னு எழுதியிருக்கீங்க. எப்படி ரெண்டும் செல்லும்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. காப்புரிமை என்பது மற்றவர்களைச் செய்யாதே என்று தடுக்கிற உரிமை. அது இருபது வருஷத்துக்குத்தான். அது முடிந்தால் அந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அப்படி முடிகிறது என்பதால்தான் அரசாங்கம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. அதே பெட்டிக்குப் பின்னால் இன்னொரு தாள் வாங்கினால், முதல் பூட்டு திறந்த பிறகும் இரண்டாவது பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு தாளும் இரண்டு பேர் கைக்குப் போய்விட்டால் நடுவில் ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடமும் மாட்டிக்கொள்வார்கள். கேட்டபோது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்த அதிகாரி இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

"சரி, இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு" என்றார் அவர். "இந்த விண்ணப்பத்த விட்டுடுங்க. சார் தன்னோட காப்புரிமைல பாதிய உங்க பேருக்கு எழுதிக் குடுக்கட்டும். நீங்க உங்க ஷெட்டுல செய்யலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"இன்னைக்கே எழுதறேனுங்க" என்றேன்.

மாமா எழுந்துவிட்டார். "வேண்டாமுங்க."

பஸ் சங்ககிரி தாண்டின பிறகு, "தங்கச்சியக் கட்டிக் குடுத்த ஊட்டுல கை நீட்டி வாங்கிக்கிட்டு நான் மோகனூர்ல எப்புடிங் மாப்ள நடக்கறது?" என்றார். முன்பு அவர் எனக்குக் கொடுத்ததுதானே, அதில் பாதியைத்தானே திருப்புகிறேன் என்று கணக்குப் பார்த்தால் சரிதான். ஆனால் நம் பக்கத்தில் அண்ணன் தங்கை வீட்டுக்குக் கொடுப்பான், அங்கிருந்து வாங்கமாட்டான். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "அண்ணன் வாங்காது. நீங்க கேட்டதே தப்பு" என்றாள். எழுதித் தருகிறேன் என்றதைத்தான் தப்பு என்கிறாள்.

இப்போது மாமாவுக்கு மிச்சமிருந்த வழி ஒன்றுதான். அந்த விண்ணப்பத்தில், என்னுடையதில் இல்லாத ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடலாம். இல்லையென்றால் மோகனூர் ஷெட்டில் அவர் பெயரில் எதுவும் இருக்காது. புதிதாக எதையும் சேர்க்கவும் கூடாது, அன்றைக்கு எழுதிக் கொடுத்ததற்குள்ளேதான் தேட வேண்டும்.

நானும் மாமாவும் ஷெட்டில் உட்கார்ந்து தேடினோம். எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. கண்டுபிடித்தது அந்த ஏஜென்ட்தான். மாமா பேசிக்கொண்டே போனதையெல்லாம் அவர் அன்றைக்கு விடாமல் விவரத்தில் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி, ஃபேனைப் பற்றி. மோகனூர் ஆற்றங்கரை ஊர், ஐப்பசி மழையில் காற்றே நசநசவென்று இருக்கும். ஈரப் பேடு வழியாக வருகிற காற்று பேட்டரியின் கனெக்டர்களில் ஈரத்தை விட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கிறது. அதற்காக மாமா தண்ணீரை முதலில் நிறுத்தி, பேடு காய்கிற வரைக்கும் ஃபேனை ஓட விட்டு, ஈரம் போன பிறகுதான் மின்சாரம் போகிற மாதிரி ஒரு சென்சார் வைத்திருந்தார். என் விண்ணப்பத்தில் அது கிடையாது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை, திருச்செங்கோட்டில் அவ்வளவு ஈரம் ஏது?

விசாரணை ஏஜென்ட்டின் ஆபீஸில் கம்ப்யூட்டர் வழியாக நடந்தது, நானும் கூடப் போயிருந்தேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு வைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். அதிகாரி சென்னையில் இருந்தார். ஏஜென்ட்டோடு இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மாமாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"காய வைக்கறது உங்க யோசனையா சார்?"

"இதென்ன பெரிய யோசனைங்க. கோழிக் கொட்டகைல தெனமும் பண்றதுதானுங்க."

ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். ஏற்கெனவே எல்லாரும் செய்கிற ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. மாமா அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி விடவில்லை. "அங்க எதுக்குக் காய வைப்பீங்க?"

"பாசி புடிக்காம இருக்கறதுக்குங்க. சாயங்காலம் தண்ணிய நிறுத்திப்போட்டு ஃபேன ஓட உட்டா பேடு காஞ்சுருமுங்க."

"காயலைன்னா?"

"கோழிக்கு என்னங்க? அது பாட்டுக்கு முட்டை போடும்."

அதிகாரி சிரித்தார். நான் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "இங்க காயலைன்னா?"

"இங்க காயாம கரண்ட்டே போகாதுங்க. சென்சார் உடாது. ஈரத்துல அத்தனை கரண்ட்டத் தள்ளுனா கனெக்டரு கருகிப் போயிருமுங்களே. அதுக்குத்தான அதையே பூட்டாட்டம் வெச்சது."

ஏஜென்ட் கண்ணைத் திறந்தார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, கொட்டகையில் காய வைப்பது சுத்தத்துக்கு, இங்கே காய்ந்ததா என்பதுதான் சார்ஜ் தொடங்கலாமா என்பதை முடிவு செய்கிறது, அப்படி இரண்டையும் இணைத்தது முந்தின எதிலும் இல்லை என்று இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். மற்ற எல்லா உரிமையையும் கைவிடுவதாகவும் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுத்தில் தரச் சொன்னார்.

மாமாவுக்குக் காப்புரிமை வந்தது. அந்தக் காய வைக்கிற பூட்டுக்கு மட்டும்.

தாளைக் கையில் கொடுக்கும்போது ஏஜென்ட் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். மாமா பெட்டி செய்ய வேண்டுமென்றால் என் காப்புரிமை குறுக்கே நிற்கும், ஏனென்றால் பூட்டு என் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். நான் அந்தப் பூட்டோடு பெட்டி செய்ய வேண்டுமென்றால் மாமாவின் காப்புரிமை குறுக்கே நிற்கும். ஒருவருக்கொருவர் அனுமதி எழுதிக்கொள்ள வேண்டும். நான் முதலில் நீட்டினால் அது கொடுத்தது ஆகிவிடும், மாமா வாங்கமாட்டார். மாமா கேட்கவும் மாட்டார். அந்த மழைக்காலம் முழுக்க மோகனூர் ஷெட் கூரையோடு நின்றது. நாமக்கல் பக்கம் போன என் பெட்டிகள் கனெக்டர் பச்சை பிடித்துத் திரும்பி வந்தன. துடைத்துத் துடைத்து அனுப்பினேன்.

அந்த வருஷப் பொங்கலுக்கு மாமா வழக்கம்போலச் சீர் கொண்டுவந்தார். கரும்பு, மஞ்சள், அரிசி, வெல்லம், எல்லாம் ஒரு பெரிய பித்தளைப் பாத்திரத்தில். நீங்கள் இருவரும் கரும்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டீர்கள், அதனால் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

"அண்ணா, இந்த வருஷம் சீரா எனக்கு இன்னொண்ணு வேணும். குடுப்பீங்களா?" என்றாள் உங்கள் அம்மா.

"கேளு சாமி. என்ன வேணும்?"

"அந்தக் காய வெக்கறத எங்க பெட்டிலயும் வெச்சுக்கறோம். எழுதிக் குடுங்க."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள சொல்லிக் குடுத்தாராக்கும்?"

"ம்க்கும். அவருக்குத் தோணிட்டாலும்!"

"வெச்சுக்கோ. உனக்கில்லாததா?" என்றார் மாமா. முகம் தெளிந்திருந்தது. பல மாதமாக அவரிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சீர் கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா அதில் கொஞ்சம் அரிசியும் முறுக்கும் போட்டு, மேலே ஒரு தாளை மடித்து வைத்தாள். ஏஜென்ட்டிடம் சொல்லி அவளே வரவழைத்தது. காலையில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். பெட்டியை மாமா தன் பெயரில் செய்துகொள்ளலாம், விற்றுக்கொள்ளலாம், காப்புரிமை இருக்கிற வரை யாரும் தடுக்கமாட்டோம் என்று அதில் இருந்தது.

மாமா படித்தார். பிறகு பாத்திரத்தைத் திண்ணைமேல் வைத்தார். "இது என்ன சாமி?"

"பாத்தரத்த வெறுமனேயா திருப்பறது?"

"அதுக்கு முறுக்கு போதாதா?"

"முறுக்கு அண்ணிக்கு. இது உங்களுக்கு."

"ஊருல என்ன சொல்லுவாங்க?"

"தங்கச்சிக்குச் சீர் செஞ்சாரு, பாத்தரந் திரும்பி வந்துச்சும்பாங்க. வேறென்ன சொல்லுவாங்க?"

மாமா தாளை எடுத்து, அதில் ஒட்டியிருந்த எண்ணெயை வேட்டியில் துடைத்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போன வருசத்துப் பாத்தரத்த இன்னும் திருப்பல நீ. அதையும் எடுத்துக் குடு, போறேன்" என்றார்.

அம்மா உள்ளே போய்த் தேடினாள். அதில் ஊறுகாய் இருந்தது. ஊறுகாயோடேயே கொடுத்தனுப்பினாள்.

அடுத்த வாரம் மாமா மோகனூர் ஷெட்டுக்குக் கரண்ட்டு இழுக்க ஈ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுத்தார்.